சுருள், சுருட்டு, செரூத்து

குளுவாங் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: மலாய்க்காரர்கள் சுருட்டைச் ‘செரூத்து’ என்கிறார்களே, அது நம்மிடம் வாங்கியதா, போர்த்துகீசியரிடம் வாங்கியதா? நம் கப்பல்காரர்களோடு நேராக வந்திருக்கலாம்; 1511இல் மலாக்காவைப் பிடித்தவர்கள் வழியாகவும் வந்திருக்கலாம். எப்படி வந்தாலும் ஊற்று ‘சுருட்டு’தான் என்பதே அகராதிக்காரர்களின் பொதுவான கருத்து.

எனக்கு அதைவிடப் பிடித்தது உள்ளே இருக்கும் வினைச்சொல். பாய் தானாகச் சுருளும். தோட்டத்து லயத்தில் விடிந்ததும் பாட்டி போடும் முதல் அதட்டல், ‘பாயைச் சுருட்டு!’ உருள் – உருட்டு, திரள் – திரட்டு, புரள் – புரட்டு, மிரள் – மிரட்டு, எல்லாம் ஒரே அச்சு. கடைசி ‘ள்’ இறுகி ‘ட்டு’ ஆனால், தானாக நடந்தது இன்னொருவர் செய்வதாகிவிடும். ‘ல்’ என்றால் ‘ற்று’: சுழல் – சுழற்று, அகல் – அகற்று. பள்ளியில் தன்வினை, பிறவினை என்று மனப்பாடம் செய்ய வைக்கிறோம். இந்த அழகைக் காட்டுவதில்லை.

இது தமிழுக்கு மட்டும் உரிய ஏற்பாடு அல்ல, திராவிட மொழிகளுக்கெல்லாம் தாயான மூலத்திராவிடத்திலேயே இருந்தது. மலையாளத்தில் சுருளுக, சுருட்டுக, கன்னடத்தில் சுருளி. இப்படிப்பட்ட உறவுகளைத் தொகுத்து மொழியறிஞர்கள் பரோவும் எமனோவும் 1961இல் ஒரு திராவிடச் சொற்பிறப்பு அகராதி வெளியிட்டார்கள். 1984இல் திருத்திய பதிப்பும் வந்தது. அதில் தமிழ்ச்சொல் முதலில் நிற்கும். உடனே அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து, ‘எல்லாம் தமிழிலிருந்து பிறந்தவை’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். தெற்கிலிருந்து வடக்கே போகும் வரிசை அது, அவ்வளவுதான். மூல வடிவத்தைப் பரோவும் எமனோவும் எழுதவே இல்லை. பின்னால் வந்தவர்கள் ஊகித்து எழுதும்போது முன்னால் ஓர் உடுக்குறி (*) போடுவார்கள்: எழுத்தில் கிடைக்காதது, கணித்தது என்று பொருள். அந்தச் சின்னக் குறியை மதிக்கப் பழகினால் பாதிச் சண்டை தீரும்.

மறுபடி சுருட்டுக்கு வருவோம். புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துகீசியர் இலையைக் கொண்டுவந்தார்கள், நாம் சுருட்டினோம், பெயரை அவர்கள் எடுத்துப் போனார்கள். பிரேசிலில் இன்று முட்டைகோஸ் இலையில் அரிசியும் இறைச்சியும் வைத்துச் சுருட்டும் பண்டத்துக்கும் அதே பெயர், ‘ஷருத்து’.

தெலுங்கர்கள் மட்டும் சுருட்டைச் ‘சுட்ட’ என்பார்கள். அது நம் சொல் தேய்ந்தது அல்ல. நம் ‘சுற்று’ அவர்களிடம் ‘சுட்டு’. நம் ‘புற்று’ அவர்களிடம் ‘புட்ட’. நாம் சுருட்டினோம், அவர்கள் சுற்றினார்கள்.