கடன் வாங்கலாம் வாங்க – 11: நாலு வருஷச் சம்பளமும் சிபில் கணக்கும்

பட்டாளத்துக்குப் பேர்போன வேலூர்ப் பக்கத்து ஊர்களில், பையனுக்கு ராணுவத்தில் வேலை உறுதி என்றதும் கடன் தர ஆள் தயார். சர்க்கார் சம்பளம், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் படையே பார்த்துக்கொள்கிறது. கொடுத்த பணம் எங்கே போய்விடும் என்று நினைக்கிறார்கள்.

அக்னிவீரர் விஷயத்தில் இந்த நினைப்பு செல்லாது. 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் பணிக்காலமே 4 ஆண்டுதான். முதல் ஆண்டு மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அதில் 30 சதவீதம் சேவா நிதிக்குப் போய்விட, கைக்கு வருவது 21,000. நான்காம் ஆண்டில் அதுவே 28,000. முடித்து வெளியே வரும்போது அரசின் பங்கும் வட்டியும் சேர்த்துச் சுமார் 11.71 லட்சம் கிடைக்கும். திட்டம் வந்தபோது நிரந்தரப் பணிக்கு எடுப்பதாகச் சொன்னது அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான். மற்றவர்கள் இருபதுகளின் முதல் பாதியிலேயே ஊர் திரும்பி, லாரி வாங்கவோ கடை போடவோ வங்கிப் படி ஏறும்போது கையில் சேவா நிதி இருக்கும். சம்பளச் சீட்டு இருக்காது. அன்று மேலாளர் புரட்டப்போவது சிபில் அறிக்கையைத்தான். அதில் நல்ல பேர் ஏறவேண்டியது இந்த நாலு வருஷத்துக்குள் என்பது என் கட்சி.

கடனே வாங்காத பையனுக்கு மதிப்பெண் குறைவாக வராது, மதிப்பெண்ணே வராது. அப்பா இருபது வருஷமாக அடகுக் கடையில் நாள் தவறாமல் வட்டி கட்டியிருப்பார். அந்த நாணயம் எந்தக் கணினியிலும் ஏறவில்லை. அதே நகையை வங்கியில் வைத்து ஒழுங்காக மீட்டிருந்தால் பதிவாகியிருக்கும்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்லும் வழி ஒன்று. சம்பளக் கணக்கு உள்ள வங்கியிலேயே சிறிய தொகையை வைப்பு நிதியாகப் போட்டு, அதன் பேரில் கிரெடிட் கார்டு கேளுங்கள். மாதம் ஒரு ரீசார்ஜ், ஒரு ரயில் டிக்கெட் போதும். கார்டு வரம்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் செலவழித்து, முழு பில்லும் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி எழுதிக் கொடுத்துவிடுங்கள். குறைந்தபட்சத் தொகை என்று பில்லில் ஒரு வரி இருக்கும். அந்தப் பக்கமே பார்க்காதீர்கள்.

தானாகக் கழியவேண்டும் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் வாங்கிய ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் எடுக்காது, போஸ்ட்பெய்டு வேண்டும். வங்கியில் கொடுத்ததோ அந்தப் பழைய ப்ரீபெய்டு எண். ஓடிபி வராது, தவணை திரும்பிய செய்தியும் வராது. கார்டின் ஆண்டுக் கட்டணம் சில நூறு ரூபாய் பாக்கி நின்று, தாமதக் கட்டணம் அதன்மேல் ஏறி, ஆறு மாதம் கழித்து லீவில் வந்து பார்த்தால் அறிக்கையில் 90 நாள், 120 நாள் தாமதம் என்று வரிசையாக இருக்கும். மாதவாரித் தாமதக் கட்டம் 36 மாதங்களுக்குத் தெரியும். எல்லையில் காவலுக்கு நின்றதற்கென்று அதில் தனிக் கட்டம் கிடையாது.

“சிப்பாயை யாரும் ஒன்றும் செய்ய முடியாது” என்ற தைரியத்தையும் பார்த்திருக்கிறேன். அரை உண்மை. 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 28-ஆம் பிரிவுப்படி, கடனுக்குத் தீர்ப்பு வாங்கினாலும் சிவில் கோர்ட் அவர் சம்பளத்தை ஜப்தி செய்ய முடியாது. 29-ஆம் பிரிவு கடனுக்காகக் கைதாவதிலிருந்து காக்கிறது. சிபில் பதிவுக்கு இந்தக் கவசம் எதுவும் இல்லை. (அமெரிக்காவில், படையில் சேருமுன் வாங்கிய கடனுக்குப் பணிக்காலத்தில் 6 சதவீதத்துக்குமேல் வட்டி கூடாது என்று சட்டமே இருக்கிறது. நம் ஊரில் யாராவது கேட்கலாம்.)

இன்னொன்று ஜாமீன். ஒரே பேரக்கில் பக்கத்துக் கட்டில்காரன் கேட்கும்போது மறுக்க மனம் வராது. கையெழுத்துப் போட்டால் அந்தக் கடன் உங்கள் அறிக்கையிலும் ஏறும். அவன் வேறு யூனிட்டுக்கு மாறி, தவணையை விட்டால் அடி உங்களுக்கும்தான். ஐயாயிரம் கைமாற்றாகக் கொடுத்துவிடுங்கள், ஜாமீன் வேண்டாம்.

ஏற்கெனவே சிக்கியவர்கள், பாதிப் பணம் கட்டினால் முடித்துத் தருகிறோம் என்ற பேச்சில் மயங்க வேண்டாம். அப்படி முடித்தால் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று விழும். ‘குளோஸ்டு’ என்று விழ முழுப் பாக்கியும் கட்டவேண்டும். தவறான பதிவு இருந்தால் அறிக்கை தரும் நிறுவனத்திடமே புகார் செய்யுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நான்கும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். புகாரை 30 நாளில் தீர்க்காவிட்டால் அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி விதி. லீவில் வரும்போது முதல் வேலையாக அந்த இலவச அறிக்கையை இறக்கிப் பாருங்கள்.

(அடுத்த வாரம்: ஓய்வூதியத்தின் பேரில் கடன்)