நாலடி வளைவுக்கு முன்னும் பின்னும்

இடித்தது யார், இடிபட்டது யார்? கூடைப்பந்தில் இதைவிடச் சண்டை கிளப்பும் கேள்வி இல்லை. 1891-ல் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித் எழுதிய 13 விதிகளிலேயே தோளால் இடிக்காதே, தள்ளாதே என்று இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை நடுவர் தலையில் கட்டிவிட்டார்.

அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கில் ஒரு காலத்தில் வளையத்தின் கீழே இரண்டடிக்கு இரண்டடி சதுரத்தில் மட்டும்தான் உதவி டிஃபென்டர் மேல் மோதியவருக்கு விலக்கு. அதற்கு ஒரு சாண் வெளியே வந்து நின்றால் போதும். லே-அப்புக்குத் தாவியவர் அந்தரத்தில் என்ன செய்வார்? உதவிக்கு ஓடிவந்த டிஃபென்டரின் மார்பில் வந்து மோதுவார். இவர் மல்லாந்து விழுவார். விசில், தாவியவர் மேல் சார்ஜிங் ஃபவுல், பந்து இந்தப் பக்கம். பந்தைத் தடுக்கும் எண்ணமே இல்லாமல் விழுவதற்கென்றே நிற்பது ஒரு தனித் திறமையாகிவிட்டது.

1997-98 பருவத்தில் சதுரம் போய் நாலடி ஆரமுள்ள அரைவட்டம் வந்தது. அதற்குள் நிற்கும் உதவி டிஃபென்டருக்குச் சார்ஜிங் கிடையாது. சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீபா இதே மாதிரி 1.25 மீட்டர் அரைவட்டத்தை 2010-ல்தான் கொண்டுவந்தது. நம்மூர் கோர்ட்டுகளில் அந்தக் கோடு ஏறியது அதன் பிறகே.

கோடு வந்ததால் வேலை சுலபமாயிற்றா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. டிஃபென்டரின் குதிகால் எங்கே, தாவியவரின் கடைசிக் கால் தரையை விட்டது எப்போது, அதற்குமுன் டிஃபென்டர் இடம் பிடித்துவிட்டாரா, மோதல் மார்பிலா இடுப்பிலா: எல்லாம் ஒரு கண்சிமிட்டலில். தாக்குபவரையே பார்த்துக்கொண்டிருக்கும் நடுவர் தவறத்தான் செய்வார். முதலில் டிஃபென்டரைப் பார்த்தாக வேண்டும். காலரியிலிருந்து "அசைஞ்சான், அசைஞ்சான்" என்று கத்துவார்கள். அசையலாம். முறையாக இடம் பிடித்தவர் பின்னாலோ பக்கவாட்டிலோ நகர்ந்தாலும் சார்ஜிங் சார்ஜிங்தான். அரைவட்டத்துக்குள்ளேயே என்றாலும் தாக்குபவர் கையால் தள்ளினால், முழங்காலைத் தூக்கி இடித்தால், ஃபவுல் அவருக்கே.

நடுவர் தவறினால் திருத்த ஒரு வழி வந்தது: 2019-20 முதல் என்.பி.ஏ. பயிற்சியாளர்கள் நடுவர் முடிவை எதிர்த்து மறுபார்வை கேட்கலாம். 2021-22-ல் லீக்கின் பார்வை ஷூட்டர் பக்கமும் திரும்பியது: டிஃபென்டர் மேல் வேண்டுமென்றே சாய்ந்து, காலை உதைத்து ஃபவுல் வாங்கியவர்களுக்கு அதன்பின் விசில் இல்லை, அல்லது அவர்கள் மேலேயே விசில். 2023-24-லிருந்து பொய்யாக விழுந்தால் டெக்னிக்கல் ஃபவுல். எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ.