விற்றேன், வாங்கினேன்

பகாவ் பாசார் மாலாமில் பலகாரம் வாங்கினால், கடைக்கார மாக்சிக் பையை நம் கையில் கொடுத்துவிட்டு "ஜுவால் யா" என்பார். நாம் "பெலி" என்று சொல்ல வேண்டும். விற்றேன், வாங்கினேன். அவ்வளவுதான். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இது மூச்சு விடுவது போல. மணப்பாறையிலிருந்து வந்த என் சித்திக்கு அப்படி இல்லை.

"காசு கொடுத்தாச்சு, பொருளும் வாங்கியாச்சு. இன்னும் எதுக்கு இந்தம்மா என் முகத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க?" என்று கேட்டார்.

சித்தப்பா திருச்சிக்குப் படிக்கப் போனவர். அங்கேயே வேலை பார்த்து, அங்கேயே திருமணமும் முடித்து, பத்து ஆண்டுக்குப் பிறகு மனைவி மகளோடு பகாவுக்குத் திரும்பி வந்தார். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. சித்தி கேட்ட கேள்விக்கு அவர்தான் விளக்கம் சொன்னார். மலாய்க்காரர்கள் பின்பற்றும் ஷாஃபி வழிச் சட்டத்தில் விற்பனை என்பது ஓர் ஒப்பந்தம். இருவரும் மனம் ஒப்பித்தான் கைமாற்றுகிறார்கள் என்பதை வாய்ச்சொல்லால் உறுதி செய்வது வழக்கம். இளம் வியாபாரிகள் பலர் இப்போது "தெரிமா காசே" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வயதான மாக்சிக்குகள் விடுவதில்லை.

சித்தி சிரித்துவிட்டார். அவருடைய அப்பா மணப்பாறை மாட்டுச் சந்தையில் மாடு வாங்கி விற்றவர். அங்கே விலை பேசுவது எப்படித் தெரியுமா? இருவர் கைமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். துண்டுக்கு அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடிப்பார். எத்தனை விரல், எந்த விரல் என்பதில்தான் விலை இருக்கிறது. பக்கத்தில் நிற்பவருக்கு ஒரு சத்தமும் கேட்காது. ஒரு மாட்டின் விலை அடுத்த மாட்டின் பேரத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. ஓர் ஊரில் வியாபாரம் வாய்திறக்காமல் முடிகிறது. இன்னோர் ஊரில் வாய்திறந்து சொன்னால்தான் முடிகிறது. இரண்டிலும் வேண்டியது நம்பிக்கைதான். அதைக் காட்டும் விதம்தான் வேறு.

அந்நியர்கள் சந்தித்து வியாபாரம் செய்வது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. பகாவ் இருக்கும் ஜெம்போல் மாவட்டத்தில்தான் பழைய பெனாரிக்கான் வழி இருந்தது. ஜெம்போல் ஆறு மூவார் ஆற்றில் கலக்கிறது. செர்த்திங் ஆற்றுநீர் பகாங் பக்கம் போகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள குறுகிய நிலத்தில் படகுகளை இழுத்துக்கொண்டு போய், மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்குப் பயணம் செய்தார்கள். நம்மவர்கள் இங்கு வந்தது வெகு காலம் கழித்து, ரப்பருக்காக, கங்காணிகளின் பின்னால். 1938-இல் இந்திய அரசு தோட்டத் தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்தியதோடு அந்த வரவு நின்றது. இன்று ரப்பர் நின்ற இடங்களில் பெரும்பாலும் செம்பனைதான். பாசார் மாலாமுக்குப் பெல்டா குடியேற்றங்களிலிருந்து மலாய்க்காரர்களும், டவுனிலிருந்து சீனர்களும், தோட்டங்களிலிருந்து நம்மவர்களும் மோட்டாரில் வந்து சேர்கிறார்கள்.

பேரம் பேசுவதில் சித்தி கெட்டிக்காரர். ஊரில் செய்வதுபோல் முதலில் பொருளைக் குறை சொல்வார், பிறகு பாதி விலைக்குக் கேட்பார், பிறகு நடையைக் கட்டுவார், பின்னாலிருந்து கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்ப்பார். இங்கே யாரும் கூப்பிடவில்லை. விலை அட்டையில் எழுதித் தொங்குகிறது. பொருளைக் குறை சொன்னால் மாக்சிக்கின் முகம் வாடிவிடும், பேச்சு அத்தோடு முடிந்துவிடும். மாறாக, "குராங் சிக்கிட் போலே?" என்று மெல்லக் கேட்டால் விலை குறையாவிட்டாலும் ஒரு கைப்பிடி கூடுதலாக விழும். இதைக் கண்டுபிடித்தவள் சித்தியின் மகள். மூன்றாம் வாரத்திலேயே அம்மாவைப் பின்னால் நிறுத்திவிட்டு அவளே பேச ஆரம்பித்தாள்.

அழைக்கும் முறையும் சித்திக்கு வேடிக்கையாக இருந்தது. மலாய்க்காரர்கள் இந்தியப் பெண்களை "ஆச்சி" என்பார்கள். மணப்பாறைக்குத் தெற்கே செட்டிநாட்டுப் பக்கம் ஆச்சி என்றால் மரியாதைக்குரிய பெரிய மனுஷி. முப்பத்தைந்து வயது சித்திக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை. சித்தப்பாவை "ஆனே" என்றார்கள். அது நம் அண்ணேதான்.

வீட்டுக்கு வந்ததும் நானும் தங்கையும் (சித்தி மகளைத்தான் சொல்கிறேன்) சந்தையில் கேட்ட சொற்களை எழுதிப் பார்த்தோம். கெடாய் என்பது கடை. மோடால் என்பது வியாபாரத்தில் போடும் முதல். பெத்தி என்பது பெட்டி. அப்பாம் பாலிக்கில் இருப்பது நம் அப்பம். மூங்கில் குழாயில் அரிசி மாவை அவித்து, உள்ளே குலா மலாக்கா வைத்து, தேங்காய்ப்பூவோடு தருகிற பூத்து பம்பு நம் குழாய்ப்புட்டுக்குத் தம்பி. சித்தி அதற்கு வாழைப்பழம் கேட்டார். கடைக்காரர் அவரை விநோதமாகப் பார்த்தார்.

உணவில் விளையாட்டில்லாத பகுதி ஒன்றும் உண்டு. சித்தி மாட்டிறைச்சி சாப்பிடமாட்டார். மலாயில் "டாகிங்" என்றால் அகராதிப்படி இறைச்சி. சந்தையில் அதற்குப் பொருள் மாட்டிறைச்சி. புதிதாக வருபவருக்கு இது தெரிய வழியில்லை. ஒருநாள் சாத்தே கடையில் அவர் கைநீட்டும் முன்பே கடைக்காரர் அவருடைய பொட்டைப் பார்த்துவிட்டு, "ஆச்சி, இனி டாகிங். ஆயாம் அடா" என்று கோழிச் சாத்தேயைக் காட்டினார். அவர் சொல்லாமலே விற்றிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அன்றிரவு சித்தி இதைத் தொலைபேசியில் ஊருக்கு இரண்டு முறை சொன்னார்.

மாணவர்களே, நம் நாட்டில் ஆரம்பப்பள்ளி மூன்று வழியாகப் பிரிகிறது: தேசியப்பள்ளி, சீனப்பள்ளி, தமிழ்ப்பள்ளி. தமிழ்ப்பள்ளியில் மலாய் ஒரு பாடம். பேசிப் பழக ஆள் குறைவு. தேவையான அடைவு பெறாதவர்கள் இடைநிலைப்பள்ளிக்குப் போகும்முன் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார வேண்டும். மலாய் ஒரு சொல்லும் தெரியாமல் ஒன்பது வயதில் வந்த பிள்ளைக்கு அந்த ஓராண்டு ஏறக்குறைய உறுதி என்றுதான் வீட்டில் நினைத்தோம். அவள் போகவில்லை. நேராக முதலாம் படிவத்தில் சேர்ந்தாள். அவளுடைய ஆசிரியர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வாரம் ஒருமுறை விலை கேட்டு, சில்லறை எண்ணி, "இது என்ன, எதில் செய்தது" என்று விசாரித்த பழக்கம் எந்தப் பயிற்சி நூலிலும் கிடைக்காது. வேறு பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளோடு அவள் பேசிய ஒரே இடமும் அதுதான்.

இப்போது சித்தப்பா பெயரில் உரிமம் எடுத்து முறுக்குக் கடை போட்டிருக்கிறார்கள். மணப்பாறை முறுக்கு 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதை இரண்டு முறை பொரிப்பார்கள். ஊர்த் தண்ணீரின் உப்புதான் அந்த ருசிக்குக் காரணம் என்பார்கள். பகாவ் தண்ணீரில் அது வராது என்று சித்தி முதலிலேயே சொல்லிவிட்டார். வந்த மலாய் வாடிக்கையாளர்கள் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை. எந்த எண்ணெய் என்று கேட்டார்கள். செம்பனை எண்ணெய் என்றதும் வாங்கினார்கள். அடுத்த வாரம் வந்து, "ஏன் காரமே இல்லை?" என்றார்கள். சிலி ஆப்பியை அரைத்துத் தேங்காய்ப் பாலில் குழம்பு வைக்கும் நெகிரி செம்பிலான்காரர்கள் வேறெப்படிக் கேட்பார்கள்?

சித்தி இரண்டு வகை சுடுகிறார். ஒன்று மணப்பாறைப் பக்குவம், இன்னொன்று சிலி ஆப்பி போட்டது. இரவு ஒன்பது மணிக்குள் காலியாவது இரண்டாவதுதான். அதற்கு முறுக்கு என்று பெயர் வைக்கக் கூடாது என்று சித்தி இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்.