மூன்றாவது வாரத்தில் வீங்கும் கால்

புத்தூரிலிருந்து நாராயணவனம் சுமார் ஐந்து கிலோமீட்டர். சென்னையிலிருந்தும் திருத்தணியிலிருந்தும் வருகிறவர்களுக்கு அது கல்யாண வெங்கடேசர் கோயிலும் சொரக்காய் சுவாமி சமாதியும் இருக்கிற ஊர். ஊர்க்காரர்களுக்குத் தறி ஊர். ஆந்திரத்துக்குள் இருந்தாலும் திண்ணைப் பேச்சில் தெலுங்கும் தமிழும் மாறி மாறி வரும். உடம்புக்குப் பெரிதாக ஏதாவது வந்தால் மட்டும் வெளியே போக வேண்டும். திருப்பதிக்குப் போனால் தேவஸ்தானத்தின் பர்ட் ஆஸ்பத்திரி, ஸ்விம்ஸ், அரசு ருயா. கொஞ்சம் கூடுதலாகப் பயணம் செய்தால் வேலூர் சி.எம்.சி., இல்லையென்றால் சென்னை. மூட்டு மாற்றமோ, கர்ப்பப்பை நீக்கமோ, இடுப்பு எலும்பு முறிவோ, எதுவானாலும் அங்கே முடித்துக்கொண்டு ஒரு வாரத்துக்குள் காரின் பின் சீட்டில் காலை நீட்டி உட்காரவைத்துக் கூட்டிவந்துவிடுவார்கள். வீட்டு வாசலில் திருஷ்டி கழிப்பார்கள். கண்டம் தாண்டியாயிற்று என்று எல்லோரும் மூச்சு விடுகிற நேரம் அது.

ஆனால் ஒரு கண்டம் அதற்குப் பிறகுதான் வருகிறது. அறுவை சிகிச்சைக்குப் பின் காலின் ஆழ்நாளத்தில் ரத்தம் உறைவதும், அந்த உறைவு பெயர்ந்து நுரையீரலுக்குப் போவதும் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நடப்பதில்லை. பிரிட்டனில் சுமார் 9 லட்சத்து 47 ஆயிரம் நடுவயதுப் பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வொன்றின் முடிவு 2009-இல் வெளியானது. ஆஸ்பத்திரியில் தங்கி அறுவை செய்துகொண்டவர்களுக்கு முதல் ஆறு வாரங்களில் இந்த ஆபத்து, அறுவையே செய்யாதவர்களைவிட சுமார் 70 மடங்கு. உச்சம் தொட்டது மூன்றாவது வாரத்தில். பன்னிரண்டு வாரம் ஆன பிறகும் ஆபத்து முழுக்கத் தணியவில்லை. அந்தப் பன்னிரண்டு வாரத்துக்குள் 140 பேரில் ஒருவர் ரத்த உறைவோடு மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்தார். இடுப்பு மூட்டோ முழங்கால் மூட்டோ மாற்றிக்கொண்டவர்களில் 45 பேருக்கு ஒருவர். அறுவை செய்யாதவர்களிலோ 6,200 பேருக்கு ஒருவர்தான்.

மூன்றாவது வாரம் என்றால் என்ன? தையல் பிரித்தாயிற்று. பார்க்க வந்த உறவுக்காரர்கள் ஆரஞ்சும் பிஸ்கட்டும் வைத்துவிட்டுப் போயாயிற்று. டாக்டரும் நர்ஸும் பக்கத்தில் இல்லை. காலைக் கவனிக்கிற கண் வீட்டில் இருப்பவர்களுடையதுதான்.

ஏன் உறைகிறது என்பதற்கு, 1856-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோ எழுதிவைத்தவற்றிலிருந்து திரட்டிய மூன்று காரணங்களையே இன்றும் சொல்கிறார்கள். ரத்தம் தேங்குவது, நாளத்தின் சுவர் காயப்படுவது, ரத்தமே கெட்டியாகத் தயாராக இருப்பது. அறுவை சிகிச்சை மூன்றையும் ஒரே நாளில் கொண்டுவந்து சேர்க்கிறது. கத்தி பட்டதுமே உடம்பு காயத்தை அடைக்க முனைகிறது. உறையும் சக்தி எங்கும் கூடுகிறது. மயக்கத்தில் கால் அசைவதில்லை.

கால் அசைவதில் அப்படி என்ன இருக்கிறது என்று நாராயணவனத்தில் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. குழித்தறியில் உட்கார்ந்து மிதிபலகையை மாற்றி மாற்றி மிதிக்கிறவரின் கெண்டைக்காலைப் பார்த்தால் போதும். ஒவ்வொரு மிதிக்கும் சதை இறுகித் தளர்கிறது. இறுகும்போது ஆழ்நாளத்தைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. நாளத்துக்குள் இருக்கும் வால்வுகள் அதைத் திரும்ப இறங்கவிடுவதில்லை. இதயத்துக்குக் கீழே இருக்கிற இந்தப் பம்பு நின்றால் ரத்தம் குட்டையாகத் தேங்கும். அதனால்தான் அறுவை முடிந்த மறுநாளே, சில சமயம் அன்று மாலையே, பிசியோதெரபிஸ்ட் வந்து வலியில் முகம் சுளிக்கிறவரை எழுப்பி நிற்க வைக்கிறார். எழ முடியாதவரிடம் பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்கிறார். படுத்துக்கொண்டே தறி மிதிப்பதுபோலத்தான்.

இங்கே ஒரு சொல் வம்பு செய்கிறது. ‘ரத்தக்கட்டு’ என்றால் நமக்கு அடிபட்ட இடத்தில் கன்றிப்போன நீலம். அதற்கு மருந்தும் நமக்குத் தெரியும்: மஞ்சள் பற்று, சூடான எண்ணெய், ஒத்தடம், நன்றாக நீவிவிடுவது. தோலுக்கடியில் கசிந்த ரத்தத்துக்கு அது சரியோ தவறோ, பெரிய கேடில்லை. ஆழ்நாளத்தில் உறைந்த ரத்தம் வேறு விஷயம். அதை நீவினால் பெயர்ந்துவிடக்கூடும். பெயர்ந்தால் தொடை வழியாக, அடிவயிற்றுப் பெருநாளம் வழியாக, இதயத்தின் வலப்பக்கம் ஏறி நுரையீரல் தமனியில் போய் அடைத்துக்கொள்ளும். ஆனால் கெண்டைக்கால் இறுகி வலிக்கிறது என்று சொன்னதும் ‘வாயு பிடிச்சிருக்கு, கொஞ்சம் எண்ணெய் போட்டு நீவுங்க’ என்கிற குரல்தான் நம் வீடுகளில் முதலில் எழும். அன்பான குரல் என்பதால் மறுப்பதும் கஷ்டம்.

புத்தூர் கட்டு என்று தமிழ்நாடு முழுக்கப் பேர் போன எலும்பு வைத்தியம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. ராஜு குடும்பத்தார் தலைமுறைகளாகச் செய்துவருவது: பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, துணி, மூங்கில் பத்தை. அதன் நன்மை தீமையை இங்கே எடைபோட வரவில்லை. உறைவைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று: கட்டு மூங்கிலானாலும் மாவுக்கட்டானாலும், கட்டிய கால் வாரக்கணக்கில் அசையாமல் இருக்கிறது. அறுவை செய்யாமல் கட்டுப் போட்டுக்கொண்டவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. கனடா மருத்துவர் பிலிப் வெல்ஸ் வகுத்த மதிப்பெண் முறையில் காலில் சமீபத்திய மாவுக்கட்டுக்குத் தனி மதிப்பெண்ணே இருக்கிறது.

அந்த முறையில் வீட்டிலேயே செய்துபார்க்கக்கூடிய ஒரு காரியமும் உண்டு. தையல்காரர் அளவு நாடா போதும். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் ஒரு மேடு தட்டுப்படும். அதிலிருந்து பத்து சென்டிமீட்டர் கீழே இறங்கி பேனாவால் புள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த இடத்தில் சுற்றளவு எடுக்க வேண்டும். மற்றக் காலிலும் அதே உயரத்தில். ஒரு கால் மற்றதைவிட மூன்று சென்டிமீட்டருக்கு மேல் பருத்திருந்தால் அதை உறைவின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். அறுவை நடந்த காலே வீங்கினால் குழப்பம்தான். மூட்டு மாற்றிய கால் எப்படியும் கொஞ்ச நாள் வீங்கியே இருக்கும். அப்போது கவனிக்க வேண்டியது மாற்றத்தை. நேற்று வரை வற்றிவந்த வீக்கம் இன்று ஏறுகிறதா, கெண்டைக்கால் கல்போல இறுகியிருக்கிறதா, தொட்டால் சூடு தெரிகிறதா, தோல் சிவந்தோ கருத்தோ போகிறதா? நம் நிறத்துக்குச் சிவப்பு சட்டென்று தெரியாது. பளபளப்பும் சூடும்தான் காட்டிக்கொடுக்கும். நாடாவில் வித்தியாசம் இல்லை என்பதற்காக நிம்மதியடையவும் முடியாது. அடையாளமே காட்டாத உறைவும் உண்டு.

‘இதெல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு வருகிற நோய்’ என்று நம் மருத்துவர்களே நினைத்த காலம் ஒன்றிருந்தது. அந்த நினைப்பை அசைத்த கணக்கு பக்கத்து வேலூரிலிருந்து வந்தது. சி.எம்.சி. மருத்துவர்கள் 1996 முதல் 2005 வரையிலான தங்கள் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். உள்நோயாளிகள் பத்தாயிரம் பேரில் சுமார் 17 பேருக்கு ஆழ்நாள உறைவு உறுதியாகியிருந்தது. புற்றுநோயும் அறுவை சிகிச்சையும்தான் பெரிய காரணங்கள். பிறகு 32 நாடுகளில் நடந்த ‘எண்டார்ஸ்’ ஆய்வின் இந்தியப் பகுதி முடிவை, ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையின் ரத்தநாள அறுவை நிபுணர் பிஞ்சால ராமகிருஷ்ணாவும் மற்றவர்களும் வெளியிட்டார்கள். பத்து மருத்துவமனைகள், இரண்டாயிரத்துச் சொச்சம் நோயாளிகள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு உறைவு ஆபத்து இருந்தது. அவர்களில் வழிகாட்டு நெறிப்படி தடுப்புச் சிகிச்சை பெற்றவர்கள் 17.4 சதவீதம் மட்டுமே.

தடுக்க முடியும் என்று நிரூபித்தவர்களில் முக்கியமானவர் ஓர் இந்தியர் என்பது இந்தக் கணக்கை இன்னும் உறுத்தலாக்குகிறது. லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த விஜய் கக்கர், பல நாடுகளில் 4,121 நோயாளிகளைச் சேர்த்து ஒரு சோதனை நடத்தினார். ஒரு பாதிக்குச் சிறிய அளவு ஹெப்பாரின் ஊசி, மறுபாதிக்கு இல்லை. 1975-இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது. ஊசி போடாதவர்களில் 16 பேர் நுரையீரல் அடைப்பால் இறந்திருந்தார்கள். போட்டவர்களில் இரண்டு பேர். இன்றைக்கு அறுவைக்குப் பிறகு தொப்புளைச் சுற்றித் தோலுக்கடியில் போடுகிற அந்தச் சின்ன ஊசிக்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது. இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்கு ஊசியையோ மாத்திரையையோ 35 நாள் வரைகூடத் தொடரச் சொல்வதுண்டு. வீட்டுக்கு வந்ததும் ‘இதுதான் நல்லாயிடுச்சே’ என்று நிறுத்தப்படுகிற மருந்துகளில் இதுவும் ஒன்று.

நுரையீரலுக்குப் போன உறைவு காலைப்போலப் பொறுமை காட்டாது. திடீரென்று மூச்சு வாங்கும். இழுத்து மூச்சு விட்டால் நெஞ்சில் குத்தும். நாடி படபடக்கும். இருமலில் ரத்தம் தெரியலாம், கண் இருட்டி விழலாம். கால் வீங்காமலே இதெல்லாம் வரலாம்.

டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸுக்கு இது இரண்டு முறை நடந்தது. 2010-இல் மியூனிக்கில் ஓர் உணவகத்தில் கண்ணாடிச் சில்லு குத்திப் பாதத்தில் இரண்டு அறுவைகள். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் நுரையீரலில் உறைவு. 2017 செப்டம்பரில் சிசேரியனில் மகள் பிறந்த மறுநாள் மூச்சு முட்டியது. அவருக்கு உடனே புரிந்துவிட்டது. சி.டி. ஸ்கேனும் ஹெப்பாரினும் வேண்டும் என்று நர்ஸிடம் கேட்டார். வலி மருந்தில் உளறுகிறார் என்று நர்ஸ் நினைத்தார். முதலில் காலில்தான் ஸ்கேன் பார்த்தார்கள்; ஒன்றுமில்லை. விடாமல் கேட்ட பிறகு எடுத்த சி.டி.யில் நுரையீரலில் பல சின்ன உறைவுகள். உலகமே அறிந்த முகம் சொல்லியும் இவ்வளவு பாடு. புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு ‘ஒண்ணுமில்லப்பா, களைப்புதான்’ என்று சொல்கிற நம் வீட்டு அம்மாவுக்கு அடுத்திருப்பவர்தான் கேட்க வேண்டும்.

கேட்கிறவர் முதலில் சொல்ல வேண்டிய வாக்கியம், ‘ஆபரேஷன் ஆகி இத்தனையாவது நாள்’. மூச்சு வாங்குகிறது என்று மட்டும் சொன்னால் ஆஸ்துமா, கேஸ், பயம் என்று பேச்சு எங்கேயோ போய்விடும். நாளைச் சேர்த்துச் சொன்னால் மருத்துவரின் எண்ணம் திசை மாறும். டிஸ்சார்ஜ் சீட்டு தலைமாட்டிலேயே இருப்பது நல்லது. கால் வீக்கம் மட்டும் என்றால், டாப்ளர் ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே போக வேண்டும். நாளைக்கு அமாவாசை, வெள்ளிக்கிழமை என்று தள்ளக் கூடாது. மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ மயக்கமோ என்றால் 108. ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 2005 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய வண்டி அது. டூவீலரில் நடுவில் உட்காரவைத்துப் பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு போவது இந்த நோய்க்கு ஆகாது. போகும் வழியில் ஆக்ஸிஜன் தேவைப்படலாம்.

ரத்தத்தில் ‘டி-டைமர்’ என்று ஒரு பரிசோதனை உண்டு. அறுவையான புதிதில் அது எப்படியும் ஏறித்தான் இருக்கும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. காலுக்கு டாப்ளர், நுரையீரலுக்கு மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. இரண்டும்தான் பேசும். உறுதியானால் உறைவு எதிர்ப்பு மருந்து, பொதுவாகக் குறைந்தது மூன்று மாதம். மாத்திரை சாப்பிடுகிற காலத்தில் கிராமங்களில் ஒரு புது ஆபத்து காத்திருக்கிறது: இடுப்பில் ஊசி. கால் வலிக்கிறது என்று தெருமுனை ஆர்.எம்.பி.யிடம் போனால் வலி ஊசி ஒன்று நிச்சயம். ரத்தம் இளகியிருக்கிற உடம்பில் சதைக்குள் ஊசி குத்தினால் உள்ளே கசிந்து கட்டும். வலி மருந்து வயிற்றிலும் ரத்தக் கசிவை உண்டாக்கும். வார்ஃபரின், அசினோகுமரால் வகை மாத்திரை என்றால் கீரையை ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம், ஒரு வாரம் அள்ளிச் சாப்பிடவும் வேண்டாம். அளவு மாறாமல் இருந்தால் சரி.

தண்ணீர் விஷயத்திலும் நம் பழக்கம் இடிக்கிறது. தண்ணீர் குடித்தால் புண்ணில் சீழ் வைக்கும் என்று அறுவையானவர்களுக்கும், வயிறு போட்டுவிடும் என்று பிள்ளை பெற்றவர்களுக்கும் சொம்பை மறைத்துவைக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. உடம்பில் நீர் வற்றினால் ரத்தம் கெட்டிப்படும். பிள்ளை பெற்றவர்களுக்கு மூளை நாளத்தில் ரத்தம் உறைவதற்கு இந்தப் பத்தியமும் ஒரு காரணம் என்று நம் நரம்பியல் மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள்.

கடைசியாக, இரண்டு மொழி புழங்கும் ஊருக்கே உரிய ஒரு சிக்கல். ‘ஆயாசங்கா உந்தி’ என்று தெலுங்கில் சொன்னால் மூச்சு வாங்குகிறது என்று பொருள். தமிழில் ஆயாசம் என்றால் களைப்பு. பதினெட்டாம் நாள் மத்தியானம் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு மாமியார் அந்தச் சொல்லைச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மருமகள் அதை எந்த மொழியில் கேட்டாள் என்பதைப் பொறுத்து, ஒன்று 108-க்குப் போன் போகும், இல்லையென்றால் டம்ளரில் குளுக்கோஸ் கலக்குகிற சத்தம் கேட்கும்.