சுற்றுலா வருகிறது, கடைவீதி தயாரா?

தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் செல்லும் காட்டுப்பாதை, ஓசூர், பெங்களூர் மக்களுக்குப் பழகிய பாதை. அவர்களால் வியாபாரம் நடப்பது மகிழ்ச்சியே. அது நிலைக்க வேண்டுமானால் இப்போதே திட்டமிட வேண்டும்.

நம் கடைகளின் முதல் வாடிக்கையாளர், கேழ்வரகும் கொள்ளும் விதைக்கும் விவசாயிதான். அவர் கையில் காசு புழங்கினால்தான் நம் கல்லாவிலும் புழங்கும். சுற்றிலும் யானைக் காடு. 2014-ல் காவிரி வடக்கு, 2022-ல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டன. பயணிகள் வீசும் தின்பண்ட மிச்சம் விலங்குகளைச் சாலைக்கும் வயலுக்கும் இழுக்கும். பயிர் அழிந்தால் நம் கடன் நோட்டில் வரவு விழாது.

கூட்டம் அளவு மீறியதால் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் இ-பாஸ் முறை வந்தது. கட்டுப்பாடு வந்தபின் புலம்புவதைவிட முன்கூட்டியே நாமே ஒழுங்கு செய்துகொள்வது நல்லது.

வணிகர்கள் செய்யக்கூடியவை:

1. 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுள்ள பிளாஸ்டிக் பைகளை அறவே விலக்கி, துணிப்பை விற்கலாம்.

2. கடைதோறும் மூடியுள்ள குப்பைத்தொட்டி வைக்கலாம்.

3. கேழ்வரகு, கொள்ளு, புளி ஆகியவற்றை விவசாயிகளிடமே நியாய விலைக்கு வாங்கி, சுத்தம் செய்து, எடையும் தேதியும் அச்சிட்ட பைகளில் விற்கலாம். பட்டணத்துப் பயணி தேடுவது இதைத்தான்.

4. வண்டி நிறுத்துமிடம், கழிப்பறை குறித்து ஊராட்சியுடனும் வனத்துறையுடனும் சங்கம் பேச வேண்டும்.

பயணி ஒருநாள் விருந்தாளி; விவசாயி ஆண்டு முழுதும் வரும் வாடிக்கையாளர். முன்னவரின் வருகை பின்னவருக்கும் பயன்பட்டால்தான் அது நமக்கு லாபம்.