சிலைக்காகப் பதவி துறந்த நகரபிதா

நகரபிதா என்றதும் நம்மவர்க்கு நினைவில் வருவன வீதி விளக்கு, வடிகால், சோலைவரி என்பனவே. ஆயினும், அந்த ஆசனம் சில வேளைகளில் உயிரையே விலையாகக் கேட்கும் என்பதை யாழ்ப்பாணத்தார்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1975இல் அல்பிரட் துரையப்பாவையும், 1998இல் சரோஜினி யோகேஸ்வரன், பொன். சிவபாலன் ஆகிய இருவரையும் பதவியிலிருக்கும்போதே நாம் பறிகொடுத்தோம். இன்று நாம் சொல்லப் புகுவது கடல் கடந்த ஜேர்மன் தேசத்திலே, லைப்சிக் என்னும் நகரை ஆண்ட ஒரு நகரபிதாவின் கதை.

கார்ல் கேர்டெலர் 1884இல் பிரஷ்யாவிற் பிறந்தவர், சட்டம் பயின்றவர். முதலாம் உலக மகாயுத்தத்திலே கிழக்குப் போர்முனையில் அதிகாரியாகப் பணியாற்றிக் கப்டன் பதவிவரை உயர்ந்தார். யுத்தம் ஓய்ந்தபின் படையுடையைக் களைந்து நகர நிருவாகத்திற் புகுந்தார். 1920இல் கேனிக்ஸ்பர்க் நகரின் துணை நகரபிதாவானார். 1930இல் லைப்சிக்கின் நகரபிதாவானார்.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். நாஜிக் கட்சியிற் கேர்டெலர் சேரவில்லை. அவ்வாண்டு ஏப்ரல் முதலாந் திகதி யூதர்களின் கடைகளைப் பகிஷ்கரிக்கும்படி நாஜிகள் ஏவியபோது, நகரபிதாவுக்குரிய முழு உடையுடன் தெருவில் இறங்கி அக்கடைக்காரர்களுக்குக் காப்பாக நின்றார். எனினும், நல்ல ஆலோசனை கூறி அரசைத் திருத்திவிடலாம் என்று அவர் நம்பினார். 1934இல் அதே அரசின் கீழ் விலைக் கட்டுப்பாட்டு ஆணையாளர் பதவியையும் ஏற்றார். இங்கே அவரைக் குறை கூறாதிருக்க நம்மால் இயலவில்லை. கற்றவர் பலர் இப்படித்தான் ஏமாறுகின்றனர்.

சோதனை வந்தது ஒரு சிலை வடிவில்.

லைப்சிக்கின் பெரிய இசை மண்டபத்தின் முன்னே மெண்டல்ஸோன் என்னும் இசைமேதையின் வெண்கலச் சிலை நின்றது. அந்நகரின் இசைக்குழுவை நடத்திப் புகழ்பெறச் செய்தவர் அவர். 1843இல் அங்கே இசைக்கல்லூரியை நிறுவியவரும் அவரே. யூத குலத்திற் பிறந்து, சிறு வயதிலேயே கிறிஸ்தவராக ஞானஸ்நானம் பெற்றவர். நாஜிகளோ பிறப்பை மட்டுமே பார்த்தனர். சிலையை அகற்ற வேண்டும் என்று கட்சிக்காரர் நெருக்கினர், கேர்டெலர் இணங்கவில்லை. 1936 நவம்பரில் அவர் வெளிநாடு சென்றிருந்த சமயம், துணை நகரபிதாவின் கட்டளைப்படி இரவோடிரவாகச் சிலை பெயர்த்தெடுக்கப்பட்டது. கச்சேரிக்காக அப்போது அங்கே வந்திருந்த லண்டன் இசைக்குழுவினர் சிலைக்கு மலர் வளையம் சாத்தச் சென்றனர். அவர்கள் கண்டது வெற்றிடத்தையே!

திரும்பி வந்த கேர்டெலர், சிலையை மீண்டும் நிறுவ வேண்டும் என்றார். எவரும் செவிசாய்க்கவில்லை. பதவியைத் துறந்தார், 1937இல் நகர மண்டபத்தை விட்டு வெளியேறினார். ஒரு சிலை போனால் என்ன என்று கேட்போர் உண்டு. 1981இல் நமது நூல்நிலையம் எரிந்து சாம்பரானதைக் கண்டவர்கள் அவ்வாறு கேளார்.

அதன்பின் அவர் பிரித்தானியா, பிரான்ஸ், அமெரிக்கா முதலிய நாடுகளுக்குச் சென்று, ஹிட்லரால் வரவிருக்கும் ஆபத்தை எச்சரித்தார். யுத்தம் மூண்டபின் ஹிட்லரைக் கவிழ்க்க முயன்ற இரகசியக் குழுவின் தலைவர்களுள் ஒருவரானார். புதிய அரசில் பிரதமர் பதவி அவருக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. ஆயினும், ஹிட்லரைக் கொல்வதற்கு அவர் மனம் ஒப்பவில்லை. கைது செய்து நீதிமன்றில் நிறுத்த வேண்டும் என்பதே அவர் கொள்கை. போர்க்களம் கண்ட ஒருவர் இவ்வாறு எண்ணியது நம்மை வியக்க வைக்கின்றது.

1944 ஜூலை 20ஆந் திகதி வைத்த குண்டிற்கு ஹிட்லர் தப்பினார். கேர்டெலரின் தலைக்குப் பத்து லட்சம் மார்க் விலை குறிக்கப்பட்டது. ஊரூராய் ஒளிந்து திரிந்தவர், பெற்றோரின் கல்லறையை ஒருமுறை காண விரும்பிப் பழைய ஊருக்குச் சென்றார். ஆகஸ்டு 12இல் அவ்வூருக்கு அண்மையிலுள்ள விடுதியொன்றில், அவரை முன்பே அறிந்திருந்த பெண்ணொருத்தி அடையாளங் கண்டு காட்டிக்கொடுத்தாள். செப்டெம்பரில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1945 பெப்ரவரி 2இல் பெர்லின் சிறையில் அது நிறைவேறியது. அடுத்த மாதம் அவர் தம்பியும் அவ்வாறே மாண்டார். ஜேர்மனி சரணடைய அப்போது மூன்று மாதங்கூட இருக்கவில்லை.

லைப்சிக் நகர மண்டபத்தின் அருகே, 1999இல், நிலத்தில் வட்டமாய் ஆழத் தோண்டிய குழியினுள் அவர் நினைவாக ஒரு மணி தொங்கவிடப்பட்டது. மெண்டல்ஸோனின் சிலையும் பழைய வடிவிலேயே மீண்டும் வார்க்கப்பட்டு, 2008இல் அந்நகரின் தோமையர் கோவிலருகே நிறுவப்பட்டது.