வெயில் பட்டால் சுடும் மாத்திரை

சென்னைக்குத் தெற்கே படூரிலிருந்து கோவளம் வரை வெயிலில் நின்று பிழைப்பவர்கள் ஏராளம்: பழைய மாமல்லபுரம் சாலையில் கட்டடம் எழுப்பும் கொத்தனார்கள், சித்தாள்கள், கரையில் வலை இழுக்கும் மீனவர்கள். மழைக்காலத்தையொட்டி உண்ணிக்காய்ச்சல் வந்தால் பெரும்பாலும் இவர்களுக்கு எழுதித் தரப்படுவது டாக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி. எலிக்காய்ச்சலுக்கும் அதுதான். உயிர் காக்கும் மருந்து, விலையும் குறைவு. ஆனால் அது உடம்பில் இருக்கும்வரை வெயில் ஆகாது என்பதைப் பலரும் கேள்விப்பட்டதே இல்லை.

விழுங்கிய மருந்து இரத்தத்தோடு தோலுக்கும் போகிறது. அங்கே சூரிய ஒளியின் புற ஊதா ஏ கதிர்களை (320 முதல் 400 நானோமீட்டர்) அதன் மூலக்கூறு உறிஞ்சுகிறது. ஏறிய ஆற்றலைப் பக்கத்திலுள்ள ஆக்சிஜனிடம் தள்ளிவிடுகிறது. வீரியம் கூடிய அந்த ஆக்சிஜன் செல்லின் சவ்வையும் புரதத்தையும் டி.என்.ஏ.வையும் தாக்க, செல் சாகிறது. இருட்டில் அதே அளவு மருந்து அந்தச் செல்லை ஒன்றும் செய்வதில்லை.

இந்த ஒளி விளைவு புதிதல்ல: அக்ரிடின் சாயம் கலந்த நீரில் பரமீசியம் என்ற ஒருசெல் உயிரி வெளிச்சத்தில் சாவதையும் இருட்டில் பிழைப்பதையும் மியூனிக் மாணவர் ஆஸ்கர் ராப் 1900-இல் எழுதினார். நம் சித்த மருத்துவத்துக்கும் இது அந்நியமல்ல. வெண்புள்ளிக்குக் கார்போகரிசி கொடுத்து வெயில் காட்டச் சொல்வார்கள். அதிலுள்ள சோராலென் என்ற வேதிப்பொருள் ஒளி பட்டால்தான் வேலை செய்யும். அங்கே தேடிப் பெறும் விளைவு, டாக்சிசைக்ளினில் கேட்காமலே வந்து சேர்கிறது.

சிப்ரோஃப்ளாக்சசின் என்ற மற்றொரு நுண்ணுயிர்க்கொல்லிக்கும் வெயிலில் சுடும் இந்தக் குணம் ஓரளவு உண்டு. அதன் குடும்பத்தில், மூலக்கூறின் 8-ஆம் இடத்தில் ஃபுளோரின் அணு வைத்த லோமிஃப்ளாக்சசின் மிக மோசமாகச் சுட்டது. அதே இடத்தில் மெத்தாக்சி தொகுதி அமைந்த மாக்சிஃப்ளாக்சசினில் தொல்லை பெரிதும் அடங்கிவிட்டது. மூலக்கூறில் ஒரே ஓர் இடத்து மாற்றம் தோலைக் காப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

டாக்சிசைக்ளின் சாப்பிட்டவருக்கு முகம், கழுத்து, புறங்கை, புறங்கால் என வெயில் படும் இடங்களில் மட்டும் எரியும், முற்றினால் கொப்புளம். சிலருக்கு நகம் சதையைவிட்டுப் பெயரும். சட்டை மறைத்த இடம் கோடு கிழித்தாற்போல் தப்பியிருக்கும். கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது; எரிச்சலும் பிறகு படியும் கருமையும்தான் அடையாளம். ‘வெறும் வெயில் சூடு’ என்று விட்டுவிடுவது அதனால்தான்.

இதற்குப் பயந்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. உண்ணிக்காய்ச்சல் ஆளையே கொல்லும். என்ன வேலை செய்கிறோம் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தேவையானால் அசித்ரோமைசின் போன்ற மாற்று உண்டு. ‘சாப்பாட்டுக்குப் பிறகு’ என்று சொல்லித் தரும் மெடிக்கல் ஷாப்காரர் ‘வெயிலில் நிற்காதீங்க’ என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மேகமூட்டமும் பேருந்துக் கண்ணாடியும் புற ஊதா ஏ கதிரை முழுதாகத் தடுக்காது. மாத்திரையை இரவில் விழுங்கினாலும் இந்தத் தொல்லையிலிருந்து முழுதாகத் தப்ப முடியாது. இரத்தத்தில் மருந்து பாதியாகக் குறையவே சுமார் 18 மணி நேரமாகும். அதனால் கடைசி மாத்திரை முடிந்த பிறகும் இரண்டு மூன்று நாளைக்கு முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும் வேண்டும்.